மூன்று வருகை இலவசம்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இன்று மூன்று குடும்பங்கள் கடைக்குள் வந்தன. மூன்றும் வந்த வழியே போயின. அதில் ஒன்று ஏர்கோனுக்காகத்தான் வந்தது என்று நினைக்கிறேன். வெளியே அப்படி ஒரு வெயில்.

சிகாமட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன் என்றால், "இன்னுமா?" என்று கேட்கிறார்கள். இன்னும்தான். அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகளை ஜொகூர் பாருவில் மொத்தமாக எடுத்து, துடைத்து, உள்ளே புது எஸ்எஸ்டி போட்டு, ரேமைக் கூட்டி, வீட்டுக்கு ஏற்ற செட்டாக்கி விற்கிறேன். நல்ல சாமான். பஸ் நிலையத்துப் பக்கம் பெரிய கடையில் தவணைக்குத் தருகிறார்களே, அந்த மெல்லிசு லேப்டாப்பைவிடக் கூட இரண்டு வருடம் உழைக்கும். சொன்னால் யார் நம்புகிறார்கள்? அங்கே பளபளவென்று கண்ணாடிக் கதவு. இங்கே காளிதாஸ் என்று நான் ஒருத்தன்.

என் மனைவி வாசுகி நேற்று வருவதாகச் சொல்லியிருந்தாள். வரவில்லை. ஓவர்டைம். சிங்கப்பூரில் ஒரு பெரிய சமையல் கூடத்தில் மேற்பார்வையாளர் அவள். ஜொகூர் பாரு பக்கம் தம்போயில் அறை எடுத்துத் தங்கிக்கொண்டு தினமும் எல்லைப் பாலம் கடக்கிறாள். லோஷினியின் பல்கலைக்கழகச் செலவுக்காக ஆரம்பித்தது, மூன்று வருடமாகிறது. மகள் வடகோடி பெர்லிஸில், மனைவி தம்போயில், நான் சிகாமட்டில். மலேசியா முழுக்க எங்கள் வீடுதான்.

இந்த வருடக் கடைசியில் லோஷினியின் படிப்பு முடிகிறது. அதற்குள் கடை தன் காலில் நின்றுவிட்டால் வாசுகி வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வருவாள். அதுதான் பேச்சு. ஆகவே கடை நிற்க வேண்டும். வேறு வழியே இல்லை, நின்றாக வேண்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

யாரும் வரவில்லை. மதியம் கல்லாவிலேயே தூங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

குடும்பங்கள் எப்படி வாங்குகின்றன என்று இத்தனை வருடம் கழித்து இன்றுதான் கவனித்தேன். அப்பா விலை அட்டையைப் பார்க்கிறார். பிள்ளைகள் கேம் ஓடுமா என்கிறார்கள். அம்மா ஒன்றும் கேட்பதில்லை. எல்லாரும் "பார்த்துட்டு வர்றோம்" என்று வெளியே போய்க் காரின் பக்கத்தில் நின்று குசுகுசுவென்று பேசுகிறார்கள். அங்கேதான் வியாபாரம் முடிவாகிறது. நான் கண்ணாடிக்கு உள்ளே நின்று வாயசைவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று பொறுக்க முடியாமல் வெளியே போய்விட்டேன். லாரி ஓட்டும் யுகேந்திரன், அவர் மனைவி பிரவீனா, இரண்டு பிள்ளைகள். வீடு பெக்கோக் போகிற பாதையில். வீட்டில் இருக்கும் பழையது விண்டோஸ் பத்து. அக்டோபரோடு அதற்கு ஆதரவு முடிகிறது, தூக்கிப் போட்டுவிட்டுப் புது லேப்டாப் எடு என்று எங்கோ சொல்லிவிட்டார்களாம். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்கிறார்கள்.

"என்ன யோசிக்கிறீங்க, சொல்லுங்க" என்றேன்.

"விலை கொஞ்சம் மஹால்தான் அண்ணே" என்றார் யுகேந்திரன். விலை அதிகமாம், என் செட் மட்டும்தான் மஹால் போல! பிரவீனா அவரை மடக்கினார்: "விலையை விடுங்க. கெட்டுப்போனா யார்கிட்ட போறது? இவரு லாரியில போயிடுவாரு. நான் இதைத் தூக்கிட்டு எங்க லா வர்றது?"

எனக்கு மண்டையில் அடித்தது போல இருந்தது. அவர்கள் பயப்படுவது விலைக்கு இல்லை. வாங்கிய பிறகு தனியாக விட்டுவிடுவார்கள் என்றுதான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

புது விலை அட்டை எழுதினேன். பழையதில் ஜிபி, கிகாஹெர்ட்ஸ் என்று வேதம் ஓதி வைத்திருந்தேன். எல்லாவற்றையும் அடித்தாயிற்று.

குடும்பக் கணினி. 890 வெள்ளி. வீட்டுக்கே வந்து மாட்டித் தரப்படும். அதன்பின் மூன்று வருகை இலவசம்.

முன்பு இதே செட் ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல். பரவாயில்லை. முதலில் ஆள் வரட்டும்.

ஆகஸ்ட் 16, சனி

யுகேந்திரன் வீட்டில் மாட்டிக் கொடுத்தேன். அறைக்குள் வைப்பதாக இருந்தார்கள். பிரவீனா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எதுக்குக்கா எட்டிப் பார்க்கிறீங்க?" என்றேன். "உள்ள வச்சா அதுங்க என்ன பார்க்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

மேசையை ஹாலுக்கு இழுத்து, திரையைத் திருப்பி வைத்தேன். அடுப்பில் நின்று குழம்பைக் கிண்டினால் திரை நேராகத் தெரிகிறது. அந்த அம்மா முகத்தில் வந்த சிரிப்பு இருக்கிறதே! பெரிய கடைக்காரன் பத்துப் பக்க விளம்பரம் போட்டாலும் இது கிடைக்காது. குடும்பக் கணினி என்றால் அடுப்படியிலிருந்து தெரிய வேண்டும். இனி எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கேட்கப்போவது "அடுப்பு எங்கே?"

சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்கார வைத்துவிட்டார்கள். சப்பாத்தி, உருளைக்கிழங்குப் பிரட்டல். சின்னவள் என் பக்கத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்தாள். பேர் மட்டும் திரும்பத் திரும்ப.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டேன். காலையில் வைத்த தட்டு வைத்த இடத்தில் இருந்தது. நான் எடுக்காவிட்டால் யார் எடுப்பது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வாசுகி பேசினாள். இந்த வாரமும் வர முடியாதாம், கால் வலிக்கிறதாம். முன்பு ஜொகூரில் வெள்ளி சனிதான் விடுமுறை. அவளுக்கு லீவு என்றால் எனக்கு வேலை. இந்த வருடத்திலிருந்து இங்கேயும் சனி ஞாயிறு. ஒரே நாளில் லீவு வந்தும் ஒன்றும் மாறவில்லை, ஏனென்றால் குடும்பங்கள் சனி ஞாயிறில்தான் கடைக்கு வருகின்றன.

"நீங்க சாப்பிட்டீங்களா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். "என்ன சாப்பிட்டீங்க?" சொன்னேன். அதற்குமேல் இருவருக்கும் ஒன்றும் இல்லை. ஆனாலும் யாரும் போனை வைக்கவில்லை.

செப்டம்பர் 13, சனி

அட்டை வேலை செய்கிறது! இந்த வாரம் ஐந்து செட். "அடுப்புக்காரர்" என்று யாரோ எனக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். தாமான் தாமானாக, ஒரு குடியிருப்பு விடாமல் போய்க்கொண்டிருக்கிறேன். ஒரு வீட்டில் தோசை, ஒரு வீட்டில் மைலோ, இன்னொரு வீட்டில் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். மூன்று வருகை முடிந்தவர்கள் நாலாவதாகக் கூப்பிட்டாலும் போகிறேன். "அட்டையில மூணுதானே அண்ணே?" என்றால், "பக்கத்துலதான் வந்தேன்" என்று சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் எல்லாம் வரவில்லை.

விண்டோஸ் ஏற்ற நேரம் பிடிக்கும். கடையிலேயே ஏற்றி எடுத்துப் போனால் வீட்டில் அரை மணி வேலை. நான் வீட்டில் போய்த்தான் ஏற்றுகிறேன். நூற்றுக்கு இவ்வளவு என்று அது ஊர்ந்துகொண்டிருக்க, பின்னால் வீட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். சண்டை, டிவி, கடுகு தாளிப்பது.

செப்டம்பர் 24, புதன்

எனக்கே என்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. என்ன யோசனை, என்ன யோசனை!

பழைய கணினி வைத்திருப்பவர்கள் அதை மேம்படுத்தத் தரமாட்டேன் என்கிறார்கள். ஒருநாள் இல்லாவிட்டாலும் பிள்ளைகளின் வீட்டுப்பாடம் நின்றுவிடுமாம். ஆனால் வருடத்தில் ஒரே ஒருநாள் எந்தத் தமிழ்ப்பிள்ளையும் புத்தகத்தையும் கணினியையும் தொடாது. சரஸ்வதி பூஜை! வரும் புதன்கிழமை. அன்று காலை என்னிடம் கொடுத்தால் விஜயதசமி காலையில் புதுசாகத் திருப்பித் தந்துவிடுவேன். கோயில் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பள்ளிக் கேண்டீன் நடத்தும் வெள்ளையம்மா அக்காதான் அந்தக் குழுவின் ராணி. அவரே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டார். அப்புறம் என்ன, வரிசையாகப் பேர் கொடுக்கிறார்கள்.

அக்டோபர் 1, புதன்

அவமானம்.

காலையில் பத்துப் பன்னிரண்டு செட் வந்து இறங்கியது. எல்லாம் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஒன்றுக்கு மல்லிகைச் சரம்கூடச் சுற்றி. நான் என்ன செய்தேன்? முதல் செட்டின் பொட்டைத் துடைத்துவிட்டுத் திருப்புளியை எடுத்துத் திறந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து வெள்ளையம்மா அக்கா தன் செட்டோடு உள்ளே வருகிறார்.

"தம்பி! என்ன பண்றீங்க?"

"மேம்படுத்துறேன்கா."

"பூஜையில வைக்கிற பொருளை இன்னைக்கு யாராச்சும் தொடுவாங்களா? பிள்ளைங்க தொடக்கூடாதுன்னு இங்க கொண்டாந்தா நீங்க குடலை உருவிப் போட்டிருக்கீங்க! உங்க திருப்புளியே இன்னைக்கு சாமிகிட்ட இருக்கணும்ல?"

திருப்புளியைக் கீழே வைத்தேன். பிள்ளைகள் தொடக்கூடாது என்று கணக்குப் போட்டவன், நான் தொடலாமா என்று நினைக்கவே இல்லை. வாசுகி வீட்டில் இருந்த வருடங்களில் விடியும்போதே என் திருப்புளி, குறடு எல்லாவற்றையும் பிடுங்கிச் சாமி முன்னால் அடுக்கிவிடுவாள். நான் வேலை கெடுகிறது என்று முணுமுணுப்பேன். அவள் போன பிறகு இந்த நாளில் என்ன செய்தேன்? போன வருடம் என்ன செய்தேன்? கடை திறந்து வேலை செய்திருக்கிறேன். யாரும் கேட்கவில்லை, அதனால் தெரியவில்லை.

அக்கா திட்டிவிட்டுப் போகவில்லை. "படம் இருக்கா?" என்றார். இல்லை. தன் வீட்டுச் சரஸ்வதி படத்தைக் கொண்டுவந்தார். மேசையில் எல்லாச் செட்டையும் அடுக்கி, என் திருப்புளியையும் வைத்துச் சூடம் காட்டினோம். சாயங்காலம் செட் கொடுத்த குடும்பங்கள் எல்லாம் சுண்டலோடு வந்துவிட்டன. கடை கொள்ளவில்லை. நான் கை கட்டி நின்றேன்.

வாசுகிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "நல்லா இருக்கு. யாரு இவங்கள்லாம்?" என்று கேட்டிருந்தாள்.

அக்டோபர் 2, வியாழன்

விடிகாலையில் கடை திறந்து எல்லாவற்றையும் முடித்தேன். பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து அவரவர் செட்டில் முதல் எழுத்து தட்டினார்கள். அரிசிக்குப் பதில் விசைப்பலகை. பெரிய கடைக்காரனால் இது முடியுமா? முடியாது!

அக்டோபர் 12, ஞாயிறு

இரண்டு நாளாக மூச்சு விட நேரமில்லை. விண்டோஸ் பயம் ஒரு பக்கம், தீபாவளி போனஸ் ஒரு பக்கம். ரேம் விலை ஏறுகிறது, சப்ளையர் இன்னும் ஏறும் என்கிறார். நான் அட்டையை மாற்றவில்லை. குடும்பக்காரர்கள், கஷ்டப்பட்டுச் சேர்த்து வாங்குகிறார்கள். எப்படி ஏற்றுவது?

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

வாசுகி சனிக்கிழமையே வந்துவிட்டாள். லோஷினிக்குப் பரீட்சை, வர முடியவில்லை. வீடு கழுவி, முறுக்கு சுட்டு, என் அழுக்குச் சட்டைகளைப் பார்த்து ஒரு வசை பாடி. அந்த வசைக்கே நான் ஏங்கிப்போயிருந்தேன்.

இன்று வீடு நிறைய ஆள். எல்லாம் என் வாடிக்கைக் குடும்பங்கள். வாசுகிக்கு யாரையும் தெரியாது. ஒவ்வொருவரும் "அண்ணே எங்க வீட்டுல ஒருத்தர் மாதிரி" என்று சொல்லச் சொல்ல அவள் சிரித்துக்கொண்டே பலகாரம் பரிமாறினாள்.

சாயங்காலம் ஒரு வீட்டிலிருந்து போன். மகனின் பாடவேலை பிரிண்ட் ஆகவில்லையாம். ஒரு நிமிடம் என்று சொல்லிப் போனேன். போன இடத்தில் சாப்பாடு போட்டுவிட்டார்கள். திரும்பி வந்தபோது வாசுகி தனியாகப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 21, செவ்வாய்

வாசுகி போய்விட்டாள். இதைக் கோபத்தில் எழுதுகிறேன்.

ரயிலுக்கு நேரம் இருந்தது. கடையில் உட்கார்ந்து, ஒரு செட்டுக்கு என்ன ஆகிறது என்று கேட்டாள். அவள் வேலையே அதுதான், ஒரு தட்டுச் சாப்பாட்டுக்கு என்ன அடக்கம் என்று பார்ப்பது. சொன்னேன். பெட்டி இவ்வளவு, எஸ்எஸ்டி, ரேம், திரை, வாடகை.

"பெட்ரோல்?"

"அது ஒண்ணும் பெருசா இல்ல."

"சாயங்காலம் மூணு மணி நேரம் ஒரு வீட்டுல உட்கார்றீங்களே, அது எங்க இதுல?"

"அது இலவசம். அதனாலதான் வாங்குறாங்க."

"கடையிலேயே ஏத்திட்டுப் போனா சீக்கிரம் முடியாதா?"

மேசையில் கிடந்த திருப்புளியை உருட்டினேன். அவள் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்: "நீங்க கம்ப்யூட்டர் விக்கலீங்க. சாயங்காலம் ஒரு வீட்டுல உட்கார்றதுக்குக் காசு குடுக்கறீங்க."

சுருக்கென்று ஏறியது. "உன் வீடு பூட்டிக் கிடக்குது. நான் எங்க போய் உட்கார்றது?" என்று கத்திவிட்டேன். கடைக்கு வெளியே போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் பையை எடுத்துக்கொண்டாள். ரயில் நிலையத்தில் கொண்டுபோய் விட்டேன்.

என்ன பேச்சு அது? அத்தனை செட் வித்திருக்கேன், ஒரு பாராட்டு உண்டா? காசு குடுக்கறேனாம்!

அக்டோபர் 23, வியாழன்

அவள் சொன்னது சரிதான்.

நவம்பர் 2, ஞாயிறு

அட்டையை மாற்றினேன். 1,150 வெள்ளி. மாட்டித் தர ஒரு வருகை. அதன்பின் வருகைக்கு நாற்பது. ஏற்றுவதெல்லாம் இனி கடையில்தான்.

எல்லாரும் ஓடிவிடுவார்கள் என்று பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். வெள்ளையம்மா அக்காதான் முதலில் பார்த்தார். "நாற்பதா? அலமாக்! நான் போட்ட மீன் குழம்புக்கெல்லாம் யாரு தம்பி பில் அனுப்புறது?" என்றார். எனக்கு முகம் செத்துவிட்டது. அவரோ விழுந்து விழுந்து சிரித்தார். "இப்பதான் வியாபாரி மாதிரி இருக்கீங்க. இதுக்கு முன்னாடி பாவமா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாவமா? எத்தனை வீட்டில் அப்படி நினைத்துச் சோறு போட்டார்கள்?

நவம்பர் 9, ஞாயிறு

விற்பனை குறையவே இல்லை. பெரிய கடையில் ரேம் விலையைச் சொல்லி எல்லாவற்றையும் ஏற்றிவிட்டார்கள், அதனால் என்னுடையது இப்போதும் கட்டுப்படியாகிறது. அடுப்பைப் பார்த்து மாட்டிக் கொடுக்க ஒருமுறை போகிறேன், அரை மணியில் எழுந்துவிடுகிறேன். அதன்பின் யாரும் கூப்பிடுவதில்லை. நாற்பது என்றதும் எல்லாருக்கும் பிரிண்டர் தானாகச் சரியாகிவிடுகிறது. "வேணாம் அண்ணே, போன்லயே சொல்லுங்க" என்கிறார்கள். போனில் சொல்கிறேன். இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. இதற்குத்தான் இத்தனை நாள் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஏழு மணிக்குக் கடை சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் அதன்பின் செய்ய ஒன்றும் இல்லை. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் மீ கோரெங் நூடுல்ஸ் வாங்கி வந்தேன். டிவியைப் போட்டேன். அணைத்தேன். போட்டேன்.

நவம்பர் 15, சனி

செலவெல்லாம் போக, கடை தன் காலில் நிற்கிறது. இரண்டு தடவை சரிபார்த்தேன். நிற்கிறது.

வாசுகியிடம் எப்படிச் சொல்வது? "நீ சொன்ன மாதிரி விலையை ஏத்தினேன்" என்று ஆரம்பிக்கலாம். அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும். வீட்டின் பின் அறையைச் சுத்தம் செய்ய வேண்டும், உதிரிப் பெட்டிகளை எல்லாம் அங்கேதான் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் சொல்கிறேன்.

நவம்பர் 22, சனி

சொன்னேன்.

"ரொம்ப நல்லதுங்க" என்றாள். உண்மையாகவே சந்தோஷப்பட்டாள், குரலில் தெரிந்தது. சரி, எப்போது வேலையை விடுகிறாய் என்றேன்.

"நான் வரலீங்க" என்றாள். "இன்னும் ரெண்டு வருஷ வேலைக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

"யாரைக் கேட்டுப் போட்ட?"

"இங்க என் கைக்குக் கீழ ஒரு பட்டாளமே வேலை செய்யுது. நான் சொன்னா கேக்குறாங்க. எனக்குப் பிடிச்சிருக்கு. அங்க வந்தா நான் என்ன செய்வேன்? உங்க கடைக்கு வர்றவங்களுக்கு டீ போடுவேன்."

"கடை நின்னா வர்றேன்னு நீதானே சொன்ன?"

"நீங்க சொன்னீங்க. நான் 'ம்'னு சொன்னேன். அன்னைக்கு எனக்கு வேற என்ன சொல்றதுன்னு தெரியல."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. அப்ப குடும்பம்னு ஒண்ணு வேணாமா உனக்கு, அது இதுன்னு என்னென்னமோ பேசிட்டேன். எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டு, கோபமே இல்லாமல் ஒன்று கேட்டாள்.

"சிகாமட்ல இருக்கிற எல்லா வீட்டுலயும் அடுப்பு எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். நான் இருக்கிற வீட்டுல அடுப்பு எங்க இருக்கு? சொல்லுங்க பார்ப்போம்."

நவம்பர் 23, ஞாயிறு

தெரியாது.

மூன்று வருடம். இங்கிருந்து ரயிலில் போனால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். ஒருநாள்கூடப் போனதில்லை. ஏன்? வீடு இங்கேதானே இருக்கிறது, போனவள்தானே வர வேண்டும் என்று இருந்துவிட்டேன். வேறு காரணம் தேடிப் பார்க்கிறேன், இல்லை.

நவம்பர் 25, செவ்வாய்

லோஷினி பேசினாள். "அப்பா, நீங்க அம்மா வீட்டுக்குப் போனதே இல்லையா? நான் ஒவ்வொரு லீவுக்கும் போறேனே." எனக்கு அதுவும் தெரியாது. நேராகச் சிகாமட்டுக்கு வருகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாசுகியின் முகவரி கேட்டேன். மகளிடம், மனைவியின் முகவரி.

நவம்பர் 30, ஞாயிறு

நேற்றுக் கடையைப் பூட்டிவிட்டுத் தம்போய் போனேன். வாசுகியிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்று விடுவாளோ என்று பயம்.

பழைய அடுக்குமாடி. நாலாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை. மூச்சு வாங்க நின்று கதவைத் தட்டினால் ஒரு பெண் திறந்தாள். சிந்துஜா, வாசுகியோடு வீட்டைப் பகிர்ந்திருப்பவள். "யாரு நீங்க?" வாசுகியின் வீட்டுக்காரர் என்றேன். அவள் நம்பாமல் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஓ, கம்ப்யூட்டர் அங்கிளா! அக்கா அரை நாள் வேலை, வந்துருவாங்க" என்று உட்கார வைத்தாள்.

அடுப்பு பின்பக்கம், ஜன்னலோரம். அங்கே நின்றால் ஹால் தெரியாது. நெடுஞ்சாலை தெரிகிறது, வண்டிகள் பாலத்துப் பக்கம் போய்க்கொண்டே இருக்கின்றன. மூன்று வருடமாக அவள் இதைப் பார்த்துக்கொண்டுதான் சமைத்திருக்கிறாள். நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, சிந்துஜா வந்து "ஏதாச்சும் வேணுமா அங்கிள்?" என்று கேட்கும் வரை நின்றேன்.

வாசுகி வந்தாள். கையில் காய்கறிப் பை. என்னைப் பார்த்ததும் சிரிக்கவில்லை. "லோஷினிக்கு ஏதாச்சுமா?" என்றாள். நான் வந்தால் கெட்ட செய்தி என்றுதான் அவளுக்குத் தோன்றுகிறது.

"ஒண்ணுமில்ல. சும்மாதான் வந்தேன்."

"கடை?"

"பூட்டிட்டேன்."

"சனிக்கிழமையா?"

சமைத்தாள். கத்தரிக்காய் நறுக்கிக் கொடுத்தேன், கோணல்மாணலாக. பேச்சு அதிகமில்லை. பேசிப் பழக்கம் விட்டுப்போய்விட்டது இருவருக்கும். ஒருவர் ஆரம்பித்தால் இன்னொருவர் அதே நேரம் ஆரம்பிக்கிறோம், பிறகு இருவரும் நிறுத்திக்கொள்கிறோம். அவள் வேலையைப் பற்றிக் கேட்டேன். முதலில் சுருக்கமாகச் சொன்னாள். பிறகு நிறையச் சொன்னாள். யார் சோம்பேறி, யாருக்குக் கைமணம், எந்தத் தட்டில் எவ்வளவு மிச்சம் பிடித்தாள். கண்ணெல்லாம் சிரிக்கிறது அவளுக்கு. இந்த வாசுகியை எனக்குத் தெரியாது.

பெண்கள் மட்டும் இருக்கிற வீடு, தங்க முடியாது. சாயங்கால ரயிலுக்குக் கிளம்பினேன். கீழே வரைக்கும் வந்தாள். "அடுத்த சனிக்கிழமை எனக்கு முழு நாள் வேலை" என்றாள். "வா"வும் இல்லை, "வராதே"யும் இல்லை.

"சரி, வந்து உட்கார்ந்திருக்கேன்" என்றேன்.

டிசம்பர் 6, சனி

போனேன். அவள் வர மாலையாகிவிட்டது. ஒரு மணி நேரம் சேர்ந்திருந்தோம். திரும்பும்போது ரயிலில் மழை. எழுத ஒன்றுமில்லை, ஆனால் எழுத வேண்டும் போல இருந்தது.

டிசம்பர் 12, வெள்ளி

கதவில் அட்டை எழுதி ஒட்டினேன். இனி சனி, ஞாயிறு கடை இல்லை.

எனக்குத் தெரியும் என்ன செய்கிறேன் என்று. அடுத்த மாதம் புதுப் பள்ளித் தவணை. குடும்பங்கள் வாங்குகிற காலமே இதுதான், அவர்கள் வருகிற நாளே அந்த இரண்டு நாள்தான். பாதிப் பேர் பெரிய கடைக்குப் போய்விடுவார்கள். யுகேந்திரனின் தம்பி போன வாரமே போய்விட்டாராம். கடை நிற்குமா? தெரியாது. தவழ்ந்தாவது போகும் என்று வைத்துக்கொள்வோம்.

பசை காய்வதற்குள் வெள்ளையம்மா அக்கா வந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு ஒரு செட் வேண்டுமாம், நாளைக்கு அழைத்து வருவதாக இருந்தாராம். அட்டையைப் படித்தார். திரும்பப் படித்தார்.

"என்ன தம்பி இது? சனி ஞாயிறு மூடினா குடும்பக்காரங்க எப்ப வர்றது?"

"நானும் குடும்பக்காரன்தானேக்கா" என்றேன்.

அவர் பிரிந்து நின்ற அட்டை ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார்.

"அப்ப திங்கட்கிழமை சாயங்காலம் கூட்டிட்டு வர்றேன்" என்றார்.

நாளை வாசுகிக்கு அரை நாள் வேலை. முதல் ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.